ரோபோ கிட் ஆசையில் 2,640 ரூபாய் போச்சுங்க

பார்சல் வந்தது போன சனிக்கிழமை. இன்றைக்கு வியாழன். ஐந்து நாள் பொறுத்துப் பார்த்தாயிற்று, இனி முடியாது. இந்த மாதிரி வாங்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

பசையே இல்லாமல், துண்டு துண்டாக வெட்டி எடுத்து டக் டக்கென்று பொருத்துகிற ரோபோ மாடல் இருக்கிறதல்லவா, ஜப்பானில் பாண்டாய் கம்பெனி போடுவது. கண்டம் என்று பேர். (பேரிலேயே கண்டம் இருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை.) கோவையில் காலேஜ் படிக்கும் என் அக்கா பையன் லீவுக்கு வந்தபோது ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். கதைப்படி 18 மீட்டர் உயரமான ரோபோ, அதை 144-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் பன்னிரண்டரை சென்டிமீட்டர், உள்ளங்கையில் நிற்கிறது. பிளாஸ்டிக்கே நிறத்தோடு வருவதால் பெயிண்டும் அடிக்க வேண்டாம். முழங்காலை மடக்கினால் மடக்கிய இடத்தில் அப்படியே நிற்கிறது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருப்பவன். நாளெல்லாம் தையல் பிசகைத் தேடுகிற கண் இது. இரண்டு துண்டு சேர்ந்த இடமே தெரியாததைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. 41 வயதில்!

கடை பேரைச் சொல்லப் போவதில்லை. படம் போடும் செயலியில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிற ரகம். கிட் 2,490, கூரியர் 150. "ஒரிஜினல்தானுங்களா?" என்று கேட்டேன். எழுத்தில் பதில் போட்டிருந்தால் யோசித்திருப்பேன். வாய்ஸ் அனுப்பினான்.

"ஏனுங்ணா, இப்புடிக் கேட்டுப்போட்டீங்க? நானும் பெருந்துறைப் பக்கந்தானுங். நம்மூருக்காரருக்குப் போயி டூப்ளிகேட் குடுப்பனுங்ளா? இந்தப் பக்கம் ஒரு தாட்டி வந்தா ஊட்டுக்கு வாங்ணா, சோறு உண்டுபோட்டுப் போலாம்."

அவ்வளவுதான், அந்த 'ங்'கில் விழுந்தேன். பெட்டிக்குள் இருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லவில்லை, பில் கேட்கவில்லை. சோறு போடுகிறேன் என்கிறவனிடம் பில் கேட்டால் மரியாதையா என்று தோன்றியது. பேக்கரி வாசலில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே அனுப்பிவிட்டேன், 2,640 ரூபாய். 2012-ல் இதே பெருந்துறையில் ஈமுக் கோழிக்குக் கட்டிய பணம் போய், எங்கய்யன் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். அவரைச் சேர்த்துவிட்டவரும் "மாமா, மாமா" என்றுதான் கூப்பிட்டார்.

பெட்டி மேல் படமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. உள்ளே துண்டுகள் கம்பிச் சட்டம் மாதிரி ஒன்றில் ஒட்டிக்கொண்டிருக்கும், ரன்னர் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி என்று எழுத்து உண்டு. விளக்கப் புத்தகத்தில் எந்த எழுத்து, எந்த எண் என்று பார்த்து வெட்டி எடுக்க வேண்டும். எனக்கு வந்ததில் பி இரண்டு இருந்தது, சி இல்லை. அதாவது வலது கால் இரண்டு. இடது கால் கிடையாது.

சரி, இருக்கிறதையாவது பொருத்துவோம் என்று உட்கார்ந்தேன். நூல் பிசிர் வெட்டும் டிரிம்மரால் முதல் துண்டை வெட்டினேன், வெட்டின இடம் வெள்ளையாகப் பூத்துப்போனது. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அக்கா பையன் போனில் திட்டினான்: "நிப்பர் வாங்குங்க மாமா. மொதல்ல தள்ளி வெட்டிட்டு, அப்புறந்தான் ஒட்டி வெட்டணும்." நிப்பர் வாங்கி அப்படியே செய்தேன். ஆனாலும் நெஞ்சுப் பகுதி இரண்டு பாதியும் சேரவில்லை. கட்டை விரல் சிவக்க அழுத்தியும் ஓரத்தில் நகம் நுழைகிற சந்து. தோளில் நேர் எதிர், ஒரே லொடலொட. கையைத் தூக்கி நிறுத்தினால் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்தவன் கை மாதிரி மெதுவாகக் கீழே வருகிறது. ரன்னர் ஓரத்தில் கம்பெனி பேர் எழும்பியிருக்கிறதா என்று அவன் பார்க்கச் சொன்னான். டார்ச் அடித்துப் பார்த்தேன். மொழுக்கென்று இருந்தது.

அன்று ராத்திரியே படம் எடுத்து அனுப்பினேன். "பாக்கறனுங்ணா" என்று வந்தது. ஞாயிறன்று, "அன்பாக்ஸிங் வீடியோ எடுத்தீங்களா?" பணம் வாங்கும்போது இந்த வீடியோ பேச்சே இல்லை. திங்கள்கிழமை வந்ததைப் படித்துவிட்டு போனை எறியப் பார்த்தேன்: "சார், சில பீஸ் அப்படித்தான் வரும். லேசா ஃபெவிக்விக் போட்டுக்கோங்க." பசை வேண்டாம் என்பதற்காகவே வாங்குகிற சாமானுக்கு ஃபெவிக்விக்! அதோடு, அண்ணன் எப்போது சாராக மாறினேன் என்று கவனியுங்கள். இல்லாத இடது காலைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை.

செவ்வாயன்று ஏழு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. அக்கா பையன் போனிலிருந்து அடித்தால் முதல் ரிங்கிலேயே எடுக்கிறான், "சொல்லுங்ணா, எந்த மாடல் வேணுமுங்?" என்று. நான் பேசினதும் கட். புதன்கிழமை "நோ ரிட்டர்ன் சார்", அதோடு சரி.

2,640 ரூபாய் எனக்கு நாலைந்து ஷிஃப்ட் கூலி. வீட்டில், "உங்கய்யன் கோழீல உட்டாரு, நீங்க பொம்மைல உட்டீங்க" என்கிறாள். பதில் சொல்ல வாயில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது கை நடுங்குகிறது, தோன்றுவதை மட்டும் எழுதுகிறேன். ரன்னரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதில் கம்பெனி பேர் தெரிய வேண்டும். பில் இல்லாமல் பணம் போடாதீர்கள். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடியுங்கள், என்னை மாதிரி நாள் கடத்த வேண்டாம். நான் இன்று காலையில்தான் பதிந்தேன். நுகர்வோர் புகாருக்கு 1915, அதற்கு மதியம் அடிக்க வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்தில் புது ஸ்டாக் என்று போட்டிருக்கிறான். அதே பெட்டி, அதே 2,490. கீழே ஒருத்தர் கேட்டிருக்கிறார், "ஒரிஜினல்தானுங்களா?"