செருகி அளக்கும் வாட் மீட்டர்: வாங்கத் தகுந்ததா?

மின்கட்டண விவரம் இரண்டு மாதத்துக்கான மொத்த யூனிட்டை மட்டுமே சொல்கிறது. எந்தக் கருவி எவ்வளவு இழுத்தது என்பதை நாமேதான் ஊகிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையும் சேர்ந்தே உயர்ந்துவிடுவதால், அந்த எல்லையை ஒட்டிச் செலவழிக்கும் குடும்பங்களுக்கு வெறும் ஊகம் போதாது. அதற்காகவே, சுவர் சாக்கெட்டுக்கும் கருவியின் பிளக்குக்கும் இடையில் செருகும் 16 ஆம்பியர் வாட் மீட்டர் ஒன்றை இணையத்தில் வாங்கினேன்.

வோல்ட், ஆம்பியர், பவர் ஃபேக்டர் என்று பலவற்றை அது காட்டினாலும், வீட்டுக்குப் பயன்படுபவை வாட்டும் யூனிட்டும்தான். 750 வாட் மிக்ஸியைத் தினமும் பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டினாலும் இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட்டைத் தாண்டாது. ரிமோட்டில் அணைத்த பிறகும் 12 வாட் இழுத்துக்கொண்டிருக்கும் எங்கள் செட்டாப் பாக்ஸோ, அதே காலத்தில் 17 யூனிட்டைத் தின்றுவிடுகிறது. (மிக்ஸியின் சத்தத்தைக் கேட்டு மின்கட்டணத்துக்குப் பயந்தவர்கள் எங்கள் வீட்டில் உண்டு.) ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுவதால், அதன் வாட் அளவைப் பார்த்துப் பயனில்லை, குறைந்தது ஒரு முழு நாளாவது மீட்டரைச் செருகிவைத்து, சேரும் யூனிட்டை 365 ஆல் பெருக்கி, நட்சத்திர லேபிளில் அச்சிட்டிருக்கும் ஆண்டு அளவோடு ஒப்பிட வேண்டும்.

குறைகளும் உண்டு. திரைக்குப் பின்னொளி இல்லாததால், ஃபிரிட்ஜுக்குப் பின்னாலுள்ள சாக்கெட்டில் செருகினால் டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று வாட்டுக்குக் கீழே அது காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. பெரிய பின் என்பதால் சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாது. டிவி போன்ற சிறிய சுமைக்கு மாற்று பிளக் போட்டுச் சமாளிக்கலாம் என்றாலும், கீசரையோ இண்டக்ஷன் அடுப்பையோ அப்படி அளக்க முயல்வது ஆபத்து.

நேரடி வயரிங்கில் ஓடும் சீலிங் ஃபேனையும் தண்ணீர் மோட்டாரையும் இது அளக்காது. அவற்றுக்கு மின்வாரிய மீட்டரே போதும். அதன் முகப்பில் 3200 இம்பல்ஸ் என்று குறித்திருந்தால், சிவப்பு விளக்கு 3200 முறை சிமிட்டும்போது ஒரு யூனிட் ஆகிறது என்று பொருள். மற்ற அனைத்தையும் அணைத்துவிட்டு ஒரு ஃபேனை மட்டும் ஓடவிட்டால், 75 வாட் பழைய ஃபேனுக்கு நிமிடத்துக்கு நான்கு சிமிட்டல் வரும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகையான 30 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கு இரண்டு நிமிடத்துக்கு மூன்றுதான் வரும்.