கிராஃபைட் பூச்சு: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

ஆடியோ கருவிகளின் பிளாஸ்டிக் பெட்டிகளுக்குள் மின் இரைச்சல் நுழையாமல் தடுக்க, சில ஆண்டுகளாகக் கிராஃபைட் ஸ்ப்ரே (மின்சாரத்தைக் கடத்தும் கரிப் பூச்சு) அடித்து வருகிறேன். இந்த வேலைக்கு எனக்குத் திருப்தியான பொருள் இது. ஆனால் அது மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்பதை மல்டிமீட்டரின் இரண்டு முனைகளை வைத்துப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள்.

முனையைக் கொஞ்சம் அழுத்தினாலே ஓம் அளவு இறங்கும். முனையும் பூச்சும் தொடும் இடத்தில் இருக்கும் மின்தடையும் அந்த எண்ணில் கலந்திருப்பதுதான் காரணம். பூச்சுகளை ஒப்பிடச் சதுர அளவு, அதாவது ஒரு சதுரத்துக்கு எத்தனை ஓம் என்ற கணக்கு, கைகொடுக்கும். ஒரே தடிமனில் அடித்த சதுரம் சின்னதோ பெரியதோ, எதிரெதிர் ஓரங்களுக்கிடையே மின்தடை ஒன்றுதான். 10 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலமுள்ள பட்டை என்றால் வரிசையாக 5 சதுரங்கள். அது 500 ஓம் காட்டினால் சதுரத்துக்கு 100 ஓம்.

தொடுமிடத் தடையை ஒதுக்க நான்கு முனை முறைதான் சரி. வெளி முனைகள் இரண்டிலும் மின்னோட்டம் விட்டு, உள் முனைகள் இரண்டில் மின்னழுத்தம் பார்க்க வேண்டும். வோல்ட்மீட்டர் வழியாக மின்னோட்டம் ஏறக்குறைய போவதே இல்லை, அதனால் தொடுமிடத் தடை கணக்கில் வராது. முனைகள் ஒரே கோட்டில் சம இடைவெளியில் இருந்து, பூச்சும் அந்த இடைவெளியைவிட மிக அகலமாக இருந்தால், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து 4.532-ஆல் பெருக்கினால் போதும். 1 மில்லியாம்பியருக்கு 20 மில்லிவோல்ட் வந்தால் சதுரத்துக்குச் சுமார் 91 ஓம். சின்னத் துண்டில் இந்தப் பெருக்கெண் பொருந்தாது.

ஈரத்தோடு அளக்காதீர்கள், காயக் காயத் தடை குறையும். காய்ந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் மெல்லத் தேய்த்தால் இன்னும் இறங்கும், கிராஃபைட் செதில்கள் படுத்து ஒன்றையொன்று நன்றாகத் தொடுவதால். அப்புறம் தேய்த்ததில் உதிர்ந்த தூளைத் துடைத்துவிடுங்கள். சர்க்யூட் மேல் விழுந்தால் ஷார்ட் ஆகும்.

தட்டையான பரப்புகளில் பூச்சு நன்றாகவே உழைக்கிறது. வளையும் மூலைகளிலும் திருகைச் சுற்றியும்தான் விரிசலும் தேய்மானமும் வருகின்றன, மூடியைத் திறக்கும்போதெல்லாம் அங்கே அளந்து பார்க்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தால் வரும் ஹம் இரைச்சலை இந்தப் பூச்சு தடுக்காது. அதற்கு டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் இரும்புக் கவசம் போட வேண்டும்.