காப்பீட்டு அட்டையும் அம்மாவின் காதும்: நான்கு ஆண்டு அனுபவம்

அம்மாவின் இடது காதில் சீழ் வடிவது எங்கள் வீட்டில் பழைய கதை. சளி பிடித்தால் வடியும். தலைக்குக் குளித்தாலும் வடியும். எண்ணெய் காய்ச்சி ஊற்றிப் பஞ்சை அடைத்துக்கொள்வார். 2021-இல் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் நின்று கூப்பிட்டும் அவர் திரும்பாதபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

கையில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்ற தைரியத்தோடு பக்கத்துத் தெருக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். அட்டையைப் பார்த்துச் சிரித்தார். அவர் மேல் தப்பில்லை. புறநோயாளியாகக் காட்டிச் சொட்டு மருந்து வாங்குவதற்கெல்லாம் இந்த அட்டை உதவாது.

அடுத்துப் போன தனியார் மருத்துவமனையின் வாசலிலேயே திட்டத்தின் பெயர்ப்பலகை இருந்தது. ஆலோசனைக் கட்டணம், காது பரிசோதனைக் கட்டணம் எல்லாம் கட்டிய பிறகு, "எலும்பு சிகிச்சைக்கு மட்டும்தான் எங்களுக்கு அனுமதி" என்றார்கள். பலகையில் அதையும் எழுதியிருக்கலாம். ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருந்தாலும் அதன் எல்லாப் பிரிவுகளும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. "அட்டை எடுப்பீர்களா?" என்று கேட்காதீர்கள், "காதுப்பறை அறுவைக்கு எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் அப்படியே பிரிவைச் சொல்லி விசாரிக்க வேண்டும்.

கடைசியில் கரையேறியது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான். காலை ஏழரைக்கே வரிசை. செவித்திறன் சோதனை அறையில் அம்மாவின் தலையில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். டாக்டரம்மா வருத்தப்படுவாரே என்று கேட்காத சத்தத்துக்கெல்லாம் விரலைத் தூக்கினார். சோதனையைத் திரும்பச் செய்தார்கள். காதுப்பறையில் ஓட்டை. சீழ் நின்று காது காய்ந்த பிறகே அறுவை என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

காப்பீட்டு ஒப்புதலுக்கு ஒரு வாரம் இழுத்தது. குடும்ப அட்டையில் அம்மாவின் பெயரில் ஓர் ஒற்றெழுத்து கூடுதல். ஆதாரில் அது இல்லை. தமிழாசிரியரே விட்டுவிடக்கூடிய பிழை, கணினி விடவில்லை. அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

காதுக்குப் பின்னால் இருந்து மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். அறுவைக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. அதன்பின் போய்வந்த பஸ் செலவும், வெளியில் வாங்கிய மருந்தும் எங்கள் கைக்காசு.

நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சீழ் வரவில்லை. கேட்கும் திறன் முழுதாகத் திரும்பவில்லை என்றாலும் தொலைக்காட்சிச் சத்தம் 40-இலிருந்து 22-க்கு இறங்கிவிட்டது. குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை வைத்துக்கொள்கிறார். எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் இன்னும் நான்தான் ஒளித்து வைத்திருக்கிறேன்.