காஷ்மீருக்கு வாடகை வைஃபை டப்பா எடுத்துப் போகிறவர்கள் கவனத்துக்கு

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வெளி மாநிலத்து ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் மட்டும்தான் எடுக்கும். பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பல வருடமாக இருக்கிற கட்டுப்பாடு இது. லடாக்கிலும் இதே கதைதான். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் ஒன்பது நாளுக்கு 2,250 ரூபாய் வாடகையும் 3,000 ரூபாய் டெபாசிட்டும் கட்டி ஒரு வைஃபை டப்பாவை வாங்கிக்கொண்டு போனேன். உள்ளே சிம் இருக்கும், சுற்றி இருக்கிற போனுக்கும் லேப்டாப்புக்கும் இன்டர்நெட் கொடுக்கும் சின்னக் கருவி அது. தெரியாமல் ஏமாந்திருந்தால் என் தப்பு என்று விட்டிருப்பேன். தெரிந்து, கேட்டு, அதற்கப்புறமும் ஏமாந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஈரோட்டில் ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறவள். 20ஆம் தேதி என்றால் எங்களுக்கு என்ன என்று இந்தத் தொழிலில் இருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வியாபாரிகளின் மாதாந்திர ஜி.எஸ்.டி. வரிக் கணக்கான 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். ஒரு நாள் தாண்டினால் 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி. பணத்தை விடுங்கள், கணக்கை நம்பிக் கொடுத்த பார்ட்டியின் முகத்தை யார் பார்ப்பது? எங்கள் பயணமோ 14 முதல் 22 வரை. அப்பாவுக்கு வைஷ்ணோதேவி, அம்மாவுக்கு தால் ஏரி, பையனுக்கு வேறு நாளில் லீவு இல்லை. கிளம்புவதற்குள் முக்கால்வாசி ரிட்டர்னை முடித்துவிட்டேன். கணக்கு வந்து சேராத மூன்று பார்ட்டி மட்டும் பாக்கி. ஓ.டி.பி. அவர்கள் போனுக்குப் போய்விடும், எனக்கு வேண்டியது லேப்டாப்பும் இன்டர்நெட்டும் மட்டும். 20ஆம் தேதி ஸ்ரீநகர் ஓட்டலில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

வீட்டில் இருக்கும் போன் எல்லாமே ப்ரீபெய்ட். ஒன்றையாவது போஸ்ட்பெய்டாக மாற்றியிருக்கலாம். மாற்றினால் ஒரு மாதத்துக்காவது திரும்ப ப்ரீபெய்டுக்கு வர முடியாது, எதற்கு வம்பு என்றார் என் வீட்டுக்காரர். அந்த நேரம் பார்த்துத்தான் விளம்பரம் கண்ணில் பட்டது. "இந்தியா முழுக்க அன்லிமிடெட். காஷ்மீர் உட்பட."

போன் செய்தேன். பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினான். "தம்பி, உள்ளே இருக்கிற சிம் போஸ்ட்பெய்டா?" என்று கேட்டேன். "அக்கா, அது கார்ப்பரேட் சிம்முங்க, ஆல் இந்தியா எடுக்கும்" என்றான். இப்போது யோசித்தால் புரிகிறது. நான் கேட்டது ஒன்று, அவன் சொன்னது வேறொன்று. தினமும் வியாபாரிகளிடம் "இது வரவா, கடனா?" என்று குடைந்து குடைந்து கேட்கிற நான் அன்றைக்கு அந்தப் பதிலை அப்படியே விழுங்கிவிட்டேன்.

டப்பா கூரியரில் வந்தது. குளியல் சோப்பு அளவில் கருப்பாக ஒன்று, முதுகில் 41 என்று ஸ்டிக்கர். வீட்டில் பிரமாதமாக ஓடியது. கோவை விமான நிலையத்தில் ஓடியது. டெல்லியிலும் ஓடியது. ஆனால் டெல்லியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் நத்தையாகிவிட்டது. பையன் வீடியோ பார்த்துக்கொண்டே இருந்தான், அதனால்தான் என்று அவனைத் திட்டினேன். பாவம், அவன் மேல் தப்பில்லை. அன்லிமிடெட் என்று விற்றதற்குள் தினமும் ஒன்றரை ஜி.பி. பேக் போட்டிருந்தார்கள். அது தீர்ந்ததும் வேகம் 64 கே.பி.பி.எஸ்.ஸுக்கு இறங்கிவிடும். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாம், படம் போகாது. முதல் அறிகுறி அது. கவனிக்கவில்லை.

மறுநாள் காலை டெல்லியிலிருந்து வைஷ்ணோதேவி மலையின் அடிவார ஊரான கத்ராவுக்கு வந்தே பாரத் ரயில். பதான்கோட் தாண்டி, மாதோப்பூரில் ராவி ஆற்றுப் பாலம் வந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பஞ்சாப், அந்தப் பக்கம் ஜம்மு. பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் டப்பாவின் நீல விளக்கு சிவப்பாகிவிட்டது. போன்களிலும் சிக்னல் கம்பி ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் சேவை இல்லை என்று வந்தது. போன்கள் போகும் என்று தெரியும். டப்பா போகக் கூடாதே? உலாவியில் 192.168.0.1 போட்டு டப்பாவின் சொந்தப் பக்கத்தைத் திறந்தேன். சிம் தயார், சேவை இல்லை என்று காட்டியது. அதாவது கருவியில் கோளாறு இல்லை, சிம்மை நெட்வொர்க் சேர்த்துக்கொள்ளவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த ஜம்முக்காரர் போனில் முழு சிக்னல். அவர் போனை வாங்கித்தான் கம்பெனிக்குப் பேசினேன். "பார்டர் ஏரியா இல்லீங்களா அக்கா, கத்ரா போனதும் வந்துடும்."

கத்ராவில் வரவில்லை. ரயில் நிலையத்தில் இலவச வைஃபை இருக்கிறதே என்று இணைத்தேன். மொபைல் நம்பர் கேட்டது, போட்டேன், ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்றது. எந்தப் போனுக்கு? செத்துக்கிடக்கிற அதே போனுக்கு. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இலவச வைஃபை இருக்கும், சமாளித்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலும் இதே ஓ.டி.பி. கதைதான், திரும்பி வரும்போது ஸ்ரீநகரில் பார்த்தேன்.

ஓட்டல் ரிசப்ஷன் போனிலிருந்து மறுபடி பேசினேன். ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னார்கள். ஏ.பி.என். என்கிற இன்டர்நெட் செட்டிங்கை மாற்றச் சொன்னார்கள். சிம்மைக் கழற்றித் துடைத்துப் போடச் சொன்னார்கள், அதையும் செய்தேன். "மேலே சொல்லியிருக்கோம், காலையில சரியாயிடும்." கடைத்தெருவில் ஒருவர் "டூரிஸ்ட் சிம்" என்று 700 ரூபாய்க்கு வைத்திருந்தார், போட்டவுடனே ஓடும் என்றார். யார் பெயரில் என்று கேட்டால், "அதெல்லாம் நீங்க எதுக்குக் கேக்கறீங்க" என்கிற மாதிரி கையை ஆட்டினார். அடுத்தவன் பெயரில் ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான், வேண்டாம் என்று வந்துவிட்டேன். அங்கே சிம் வாங்குவதானால் தொலைபேசி நிறுவனத்தின் சொந்தக் கடையில், உங்கள் ஆதாரைக் கொடுத்து, உங்கள் பெயரில் வாங்குங்கள். நான் அன்றே அதைச் செய்திருக்க வேண்டும். காலையில் சரியாகிவிடும் என்ற பேச்சை நம்பினேன்.

அந்த நம்பிக்கையின் விலை மறுநாள் மலையில் தெரிந்தது. கத்ராவிலிருந்து கோயில் இருக்கும் பவனம் வரை 12 கிலோமீட்டருக்கு மேல். அப்பா அம்மாவைக் குதிரையில் ஏற்றிவிட்டு நாங்கள் நடந்தோம். பாதி வழியில் அர்த்குவாரியில் இறங்கிக் காத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். ஆளுக்கொரு போன் கையில் இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. அர்த்குவாரியில் அவர்கள் இல்லை. குதிரைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு இந்தி தெரியாது, அவர் பாட்டுக்கு மேலே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. குதிரைகள் சாஞ்சிசத் வழியாகப் போகும், பேட்டரி கார் ஓடுவது ஹிம்கோட்டி வழி. நாங்கள் ஹிம்கோட்டி வழியில் தேடிக்கொண்டே போகிறோம், அவர்கள் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரைப் பை என் தோளில்.

பவனத்தில் அறிவிப்புக் கவுன்ட்டரில் சொல்லி, ஒலிபெருக்கியில் அப்பா பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். இந்தி அறிவிப்பில் தன் பெயர் மட்டும் காதில் விழுந்து, அப்பா யாரையோ கையைப் பிடித்து இழுத்துக் கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். இரண்டரை மணி நேரம். அம்மா என்னைப் பார்த்ததும் திட்டவில்லை, "சாப்டியா?" என்று கேட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். 2,250 ரூபாயை அந்தக் கம்பெனியிடமிருந்து வாங்கியே தீர்வது என்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன்.

ஸ்ரீநகர் ரயில் பயணத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். 2025 ஜூனில் தொடங்கியது, செனாப் பாலத்தில் 359 மீட்டர் கீழே ஆறு ஒரு பச்சைக் கயிறு மாதிரி கிடக்கிறது. இங்கே வேண்டாம்.

20ஆம் தேதிக்கு வருவோம். ஓட்டல் வைஃபை அறை வரைக்கும் வரவில்லை, ரிசப்ஷன் சோபாவில் கொஞ்சம் வந்தது. மதியத்துக்குள் ஒரு ரிட்டர்ன்தான் போனது. கடைசி நாளில் ஜி.எஸ்.டி. தளமே மூச்சு வாங்கும், அதில் இந்த வைஃபை வேறு. எங்கள் கார் டிரைவர் உள்ளூர்க்காரர். நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார். டப்பாவைக் காட்டினேன். வாங்கித் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தார், சிரித்தார். போன மாதம் தெற்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் இதே டப்பாவோடு வந்ததாம். இதே ஸ்டிக்கர், நம்பர்தான் வேறு. அவர்களுக்கும் ஓடவில்லையாம்.

கம்பெனிக்குத் தெரியாமல் நடந்த தவறு என்று அதுவரை மனதின் ஓரத்தில் ஒரு சந்தேகத்தின் பலன் கொடுத்து வைத்திருந்தேன். அத்தோடு எடுத்துவிட்டேன்.

அந்த மனிதர் தன் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கொடுத்து, தால் ஏரிக்கரை புலவார்டு சாலையில் வண்டியை ஓரம் கட்டினார். வண்டிக்குள்ளேயே மிச்ச இரண்டு ரிட்டர்னையும் ராத்திரி ஏழரைக்குள் முடித்தேன். டேட்டாவுக்குப் பணம் கொடுத்தால் வாங்கவில்லை. கஹ்வா என்கிற காஷ்மீர் டீக்கும் அவரே காசு கொடுத்தார். பணம் வாங்கிய கம்பெனி கொடுக்காததை இவர் சும்மா கொடுத்தார்.

ஆதாரம் டெல்லியில் சிக்கியது. விமானம் இறங்கியதும் டப்பாவில் நீல விளக்கு, ஒன்றுமே நடக்காத மாதிரி. டப்பாவின் அதே பக்கத்தில் குறுஞ்செய்தி பெட்டி ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் புதிதாக ஒரு செய்தி. உங்கள் பேக் இன்னும் மூன்று நாளில் முடிகிறது, ரீசார்ஜ் செய்யுங்கள். போஸ்ட்பெய்டுக்கு யாரும் ரீசார்ஜ் செய்யச் சொல்வதில்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன், சிம்மைக் கழற்றி அதையும் படம் எடுத்தேன்.

டப்பாவைத் திருப்பி அனுப்பியதும் டெபாசிட்டில் 800 ரூபாய் பிடித்தார்கள். பின்மூடியில் கீறலாம். சிம்மைக் கழற்றித் துடைக்கச் சொன்னதே அவர்கள்தான்! வாடகையைக் கேட்டதற்கு, சிக்னல் கிடைக்காத இடத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று விதிமுறையில் இருக்கிறது என்றார்கள். சிக்னல் இல்லாமலா இருந்தது? ஸ்ரீநகர் லால் சவுக்கில் டீ விற்பவர் போனில் முழுக் கம்பி இருந்தது. இல்லாமல் போனது சிக்னல் அல்ல, அந்த ஊரில் செல்லுபடியாகிற சிம். ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினேன். அதற்கப்புறம் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

1915க்குக் கூப்பிட்டுத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன். பத்து நாளில் 800 ரூபாய் வந்துவிட்டது. வாடகை வரவில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான ஈ-ஜாக்ருதி தளத்தில் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போட்டிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வழக்கா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். மலையில் தொலைந்தது அவருடைய அம்மா இல்லையே.

போகிறவர்கள் குடும்பத்தில் ஒரு நம்பரையாவது கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போஸ்ட்பெய்டாக மாற்றிவிடுங்கள், மற்றவர்கள் அதிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுத்துக்கொள்ளலாம். இ-சிம் ஆனாலும் ப்ரீபெய்ட் என்றால் அங்கே எடுக்காது. அமர்நாத் யாத்திரை போகிறவர்களுக்கு அடிவார முகாம்களில் பி.எஸ்.என்.எல். யாத்திரை சிம் கொடுக்கிறது, அதை வாங்கிக்கொள்ளலாம். டப்பாதான் வேண்டும் என்றால், உள்ளே இருக்கும் சிம் போஸ்ட்பெய்ட் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். கார்ப்பரேட், ஆல் இந்தியா, ஸ்பெஷல் என்று எது சொன்னாலும் அது பதில் இல்லை. கைக்கு வந்ததும் குறுஞ்செய்திப் பெட்டியைத் திறந்து பாருங்கள், ரீசார்ஜ் என்ற வார்த்தை இருந்தால் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நேற்று அந்த விளம்பரம் மறுபடி கண்ணில் பட்டது. புதுப் படம் போட்டிருக்கிறார்கள், வாசகத்தையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். "இந்தியா முழுக்க அன்லிமிடெட். காஷ்மீர், லடாக் உட்பட."