உடனே கேட்கும் மாத்திரையும் மெல்லக் கேட்கும் மாத்திரையும்

பங்களாதேஷில் ஆரம்ப நிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் சராசரியாக 48 நொடி என்று 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதற்குள் "நெஞ்சு படபடங்குது, ராத்திரி தூக்கமே இல்லை" என்று சொல்லி முடிப்பதே பெரிது. அடுத்த நொடி, பதற்றத்தை உடனே அடக்கும் மாத்திரைகளான டயசிபாமோ அல்பிரசோலமோ சீட்டில் ஏறிவிட்டால் மருத்துவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

வேகத்தில் இந்த வகை மாத்திரைகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு மணி நேரத்துக்குள் படபடப்பு அடங்கும், டாக்டர் கைராசிக்காரர் என்று பேரும் வரும். சில வாரம் தொடர்ந்து போட்டால் உடம்பு பழகிவிடும். நிறுத்தினால் பதற்றம் முன்னைவிட மோசமாகத் திரும்பும். 'நோய் இன்னும் போகலை' என்று நினைத்து, அதே பழைய சீட்டை மருந்துக் கடையில் நீட்டுவார்கள். வயதானவர்கள் என்றால் இரவில் எழும்போது தடுமாறி விழும் அபாயமும் உண்டு.

இன்னொன்று, வளரும் நாடுகளில் மருந்து கையிருப்பு தீர்ந்துபோவது சகஜம். அல்பிரசோலம் பாதியளவு உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ 11 மணி நேரம் போதும். மாதக்கணக்கில் போட்டவருக்கு அது திடீரென்று கிடைக்காமல் போனால் வலிப்பு வரைக்கும் போகலாம்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் ஃபுளுவாக்ஸெட்டின் மாத்திரை இதற்கு நேர் எதிர். கேட்க 2 முதல் 6 வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் கூடுதல் படபடப்பும் வரலாம். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி மூன்றாம் நாளே தூக்கிப் போட்டுவிடுவார். ஆனால் இதன் எச்சம் உடலில் ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதால், நாலு நாள் மருந்து வராவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. இதே குடும்பத்து பராக்ஸெட்டினுக்கு இந்தப் பொறுமை கிடையாது; சில நாள் தவறினாலே தொல்லை தரும். இந்தக் குடும்பத்து மாத்திரை எதுவானாலும், இளம் வயதினருக்குத் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று முதல் வாரங்களில் கவனிக்க வேண்டும்.

சரி, மாத்திரையே இல்லாத வழி? ஜிம்பாப்வேயில் 2006இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் கிளினிக் வளாகத்து பெஞ்சில் உட்கார்ந்து ஆறு அமர்வுகளில் பிரச்சினையைப் பிரித்துப் பேசுகிறார்கள். பதற்றம், மனச்சோர்வு என்ற பெயரெல்லாம் அங்கே எடுபடாது; அங்கு பேசும் ஷோனா மொழியில் 'கூஃபுங்கிசிசா', அதாவது ஓயாமல் யோசிப்பது. 2016இல் வெளியான ஆய்வில் ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. பாட்டிமாருக்குத் தொடர்ந்து மேற்பார்வை வேண்டும், அதற்குத்தான் பல அரசுகள் காசு ஒதுக்குவதில்லை.

என் ஓட்டு பெஞ்சுக்கு. அது இல்லாத இடத்தில் ஃபுளுவாக்ஸெட்டினுக்கு. நேரமில்லை என்று எழுதப்படும் டயசிபாம்தான் பிற்பாடு அதிக நேரத்தைத் தின்கிறது. விடவைக்க மாதக்கணக்கில் அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதலும், டயசிபாம் வகை மாத்திரைகளைத் தாங்க முடியாத நெருக்கடியில் மட்டும், அதிகபட்சம் 3 முதல் 7 நாள் தரலாம் என்கிறது. அப்படியே எழுதினாலும் எத்தனை மாத்திரை என்பதை எண்ணால் மட்டுமின்றி எழுத்தாலும் எழுதுவது நல்லது. 5க்குப் பக்கத்தில் ஒரு சைபர் போட யாருக்கும் பேனா பஞ்சமில்லை.