அபார்ட்மென்ட் டேக்குக்கு டூப்ளிகேட் போடக் கொடுக்கும் முன்

கேட், லிஃப்ட் ரீடரில் காட்டித் திறக்கும் டேக் இன்னொன்று வேண்டும் என்று அசோசியேஷனில் கேட்டால் இழுத்தடிக்கிறார்கள் என்று சாவிக்கடைக்குப் போய், காசைத் தொலைத்துத் திரும்புகிறவர்கள் நிறைய. "எந்த டேக்கா இருந்தாலும் அஞ்சே நிமிஷம் சார்" என்பார்கள். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியில் வைப்பார்கள், பீப் என்று கத்தும், காசு கைமாறும். வீட்டுக்கு வந்து காட்டினால் கதவு அசையாது. திரும்பப் போனால் "எங்க மெஷின் படிக்குதே, உங்க ரீடர்லதான் கோளாறு" என்று கையை விரிப்பார்கள். மெஷின் படித்தது டேக்கின் எண்ணை மட்டும். உங்கள் கதவுக்கு அது போதுமா என்பதை அந்த பீப் சொல்லாது.

வெளியே பார்க்க எல்லா டேக்கும் ஒரே பிளாஸ்டிக் சொட்டுதான். உள்ளே இருக்கும் சிப்தான் விஷயம்.

பழைய கட்டடங்களில் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும் இஎம்4100 வகை சிப். இதில் ரகசியம் என்று எதுவுமே கிடையாது. ரீடர் பக்கத்தில் போனதும் தன் எண்ணை ஒப்பிக்கும். அதை டி5577 என்ற, திரும்பத் திரும்ப எழுதக்கூடிய சிப்பில் எழுதினால் அச்சு அசல் நகல். இந்த ஒன்றில் கடைக்காரர் சொல்வது உண்மை. டேக்கின் பின்புறம் 0012345678 188,24910 என்பதுபோல் அச்சிட்டிருந்தால், இரண்டும் ஒரே எண்தான்: 188-ஐ 65536-ஆல் பெருக்கி 24910-ஐக் கூட்டிப் பாருங்கள். வீகேண்ட் 26 என்ற பரவலான முறையில் எண்ணை அனுப்பும் ரீடருக்கு அந்த எண்ணே போதும். "டேக் கிடைத்தது, யாருடையது?" என்று வாட்ஸ்அப் குரூப்பில் படம் போடுவது சாவியையே போடுவது. இன்னொரு தொல்லை: சில மலிவுக் கருவிகள் நகலுக்குத் தாங்களே ஒரு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடும், பிறகு அதை வேறு கருவியில் மாற்றி எழுத முடியாது.

ஏமாற்று அதிகம் நடப்பது 13.56 மெகாஹெர்ட்ஸ் மைஃபேர் கிளாசிக் சிப்பில். இதன் கிரிப்டோ-1 என்ற ரகசியக் குறியீட்டுப் பூட்டு 2008-லேயே உடைக்கப்பட்டுவிட்டது, ஆகவே நகல் எடுக்க முடியும். ஆனால் 1கே டேக்கில் 16 செக்டார், அதாவது தகவல் வைக்கும் அறைகள்; ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாவி, அதாவது ரகசிய எண்கள். எல்லாவற்றையும் கண்டுபிடித்துப் படிக்க வேண்டும். யுஐடி, அதாவது டேக்கின் பிறவி எண், இருக்கும் முதல் பிளாக்கை சாதாரண வெற்று டேக்கில் எழுதவும் முடியாது, அதற்கென்றே செய்த தனி டேக் வேண்டும். கடையில் யுஐடியை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். விளைவு, கேட் திறக்கும், லிஃப்ட் நகராது. கேட் ரீடர் யுஐடியோடு திருப்தி அடைகிறது, லிஃப்ட் செக்டாருக்குள் மாடி எண்ணைத் தேடுகிறது. சில லிஃப்டுகள் ஒவ்வொரு தடவையும் டேக்கில் ஒரு எண்ணை மாற்றி எழுதும்; அங்கே நகலைக் காட்டினால் அசலும் சேர்ந்து முடங்கலாம்.

அதே 13.56-இல் இன்னும் பலமான சிப்களான டெஸ்ஃபயர் ஈவி2, ஈவி3 என்றால் பேசாமல் திரும்பி வாருங்கள். ஏஇஎஸ் என்ற வலுவான பூட்டின் சாவி சிப்பை விட்டு வெளியே வராது. ரீடரை யுஐடி மட்டும் பார்க்கும்படி மாட்டித் தொலைத்திருந்தால் ஒழிய, நகல் வேலை செய்யாது.

எந்த வகை என்று கடைக்குப் போகும் முன்பே பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் என்எஃப்சியை இயக்கி, சிப் கம்பெனி என்எக்ஸ்பியின் டேக்இன்ஃபோ செயலியைத் திறந்து, போனின் முதுகில் டேக்கை வையுங்கள். பெயர் வந்தால் 13.56, மௌனமாக இருந்தால் பெரும்பாலும் 125. இரண்டு சிப்பும் சேர்ந்த டேக்குகளும் உண்டு. போன் ஒன்றைத்தான் காட்டும், கடைக்காரரும் ஒன்றைத்தான் நகலெடுப்பார்.

நகல் நன்றாகவே வேலை செய்தாலும் அசலுக்கும் அதற்கும் ஒரே எண். ஒன்று தொலைந்து அந்த எண்ணை முடக்கினால் இரண்டும் போச்சு. உள்ளே போனவர் வெளியே வந்தால்தான் மறுபடி திறக்கும் என்று பேஸ்மென்ட் கேட்டை அமைத்திருந்தால், கணவர் உள்ளே இருக்கும்போது மனைவி வாசலில் நிற்பார். கடை மெஷினில் உங்கள் எண் தங்கிவிட வாய்ப்பும் உண்டு.

125 வகைக்கும் யுஐடி மட்டும் பார்க்கும் அமைப்புக்கும் நேர்வழி, அதே வகையில் புது டேக் வாங்கி, அதன் சொந்த எண்ணை மேனேஜரிடம் சிஸ்டத்தில் ஏற்றச் சொல்வது. சில பத்து ரூபாய்ச் சாமான், ஒரு நிமிட வேலை. செக்டாரில் எழுதும் அமைப்பென்றால் மாட்டிய கம்பெனிதான் எழுதித் தரவேண்டும்.

வீட்டு ஓனர்களுக்கு ஒன்று: வாடகைக்கு இருந்தவர் காலி செய்யும்போது டேக்கைத் திரும்ப வாங்கினால் மட்டும் போதாது. அந்த எண்ணை சிஸ்டத்திலிருந்து நீக்கச் சொல்லி, நீக்கிய பிறகு அதே டேக்கை கேட்டில் ஒரு முறை காட்டிப் பாருங்கள்.