ஜாம்சில் பேஸ்பால் ஸ்டேடியம்: நிப்பர்ட் நின்ன மவுண்டை பாக்கத்தான் போனேன்

வேலைக்காக கொரியா வந்ததுலேருந்து பேஸ்பால் பைத்தியம் புடிச்சிருச்சு, அதுலயும் எனக்கு பிட்சர்னா தனி இஷ்டம், சின்ன வயசுலேருந்தே கிரிக்கெட்ல பேட்ஸ்மேனை விட பவுலரை பாத்து வளந்தவன் நான். இங்க ஆபீஸ்ல யார்கிட்ட பேஸ்பால் பேச்செடுத்தாலும் ஒரு அமெரிக்கன் பேரு வந்து விழும், டஸ்டின் நிப்பர்ட், டூசான் பேர்ஸ் டீமுக்கு பந்து போட்ட பிட்சர். அவரு ஆடி முடிச்சு ரொம்ப நாளாச்சு, ஆனா அவரு மவுண்டுல (பிட்சர் நின்னு போடற மண்மேடு) ஏறி பந்து போட்ட சியோல் ஜாம்சில் கிரவுண்டு இன்னும் நிக்குது, அதையாவது பாத்துரலாம்னு ஒரு சனிக்கிழமை கிளம்பிட்டேன். இந்த ரிவ்யூ கிரவுண்டை பத்திதான், ஆனா எனக்கு ரெண்டையும் பிரிச்சு பேச வராது, பொறுத்துக்கோங்க.

முதல்ல டிக்கெட். ஒரு டிக்கெட் ஆப்ல என் பேரு, போன் நம்பர் வெரிஃபை ஆகாம அரை மணி நேரம் போராடினேன், பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி பெரிய எழுத்துல முழுப்பேரு போட்டும் ஏத்துக்கல, கடைசில கூட வேலை பாக்கற கொரியன் தம்பிதான் அவரு போன்லேருந்து எடுத்து குடுத்தாரு. 2024-ல முதல் தடவையா கொரியன் பேஸ்பால் லீக் மொத்தத்துக்கும் கூட்டம் ஒரு கோடியை தாண்டிருச்சு, அதுலேருந்து வார கடைசி டிக்கெட்லாம் கண்ணை மூடி திறக்கறதுக்குள்ள காலி. அதனால யாராவது கொரியன் ஃப்ரெண்டு இருந்தா முன்னாடியே சொல்லி வச்சிருங்க.

போறது ரொம்ப ஈஸி, சப்வே ரெண்டாம் நம்பர் லைன், ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ் ஸ்டேஷன்ல இறங்கி படியேறினா கிரவுண்டு கண்ணு முன்னாடி நிக்கும். சாப்பாடு வெளியிலேருந்தே கொண்டு போகலாம், எல்லார் கையிலயும் பொரிச்ச கோழி டப்பா இருக்கும். உள்ள முதுகுல பீர் டேங்க் மாட்டிக்கிட்டு பசங்க படி ஏறி இறங்கி வந்து ஊத்தி குடுப்பாங்க. இதெல்லாம் யூடியூப்ல நிறைய பேரு காட்டிட்டாங்க, விடுங்க.

சீட்டு விஷயம்தான் முக்கியம். பாட்டு, டான்ஸு, கத்தல் எல்லாம் வேணும்னா ஆரஞ்சு சீட்டு, சியர் மேடைக்கு பக்கத்துலயே இருக்கும், நம்ம டீம் பேட்டிங்னா உக்காரவே முடியாது. ஆனா பிட்சரை பாக்க வந்தவங்க ஆரஞ்சு எடுக்காதீங்க, பந்து எங்க போச்சுன்னே தெரியாது. நான் எடுத்தது நேவி கலர் சீட்டு, மேல் அடுக்கு, முடிஞ்ச வரைக்கும் ஹோம் பிளேட்டுக்கு (பேட்ஸ்மேன் நிக்கற இடம்) பின்பக்கமா. அங்கேருந்து பாத்தா மவுண்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவுல இருக்கற 18.44 மீட்டர் தூரத்தையும் பந்து எப்படி கடக்குதுன்னு நேரா தெரியுது, வளையறது, கடைசில பொசுக்குன்னு கீழ விழறது, பேட்ஸ்மேனுக்கு பின்னாடி உக்காந்து பந்து புடிக்கற கேட்சர் கிளவ்வை எங்க வச்சாரு பந்து எங்க வந்துச்சு எல்லாமே. கேட்சர் யாருன்னா யாங் உய்ஜி, நிப்பர்ட் போட்ட பந்தையெல்லாம் வருஷக்கணக்கா புடிச்ச அதே ஆளு. நடுவுல வேற டீமுக்கு போயிட்டு 2023-ல டூசான் பேர்ஸுக்கே திரும்பி வந்துட்டாரு. அன்னைக்கு மவுண்ட்ல நின்னதும் ஒரு அமெரிக்கர்தான். யாங் உக்காந்துக்கிட்டு என்ன பந்து போடணும்னு விரலை காட்ட, எதிர்ல வெளிநாட்டு பிட்சர் தலையாட்ட, எனக்கு அதுக்கே சிலிர்த்துருச்சு.

கிரவுண்டு பெருசுங்கறது உக்காந்ததும் உறைச்சுது. ஹோம் பிளேட்லேருந்து வேலி வரைக்கும் ரெண்டு ஓரமும் 100 மீட்டர், நடுவுல 125. நடுவுல தூக்கி ஒரு அடி அடிச்சாங்க, மத்த கிரவுண்டா இருந்தா கண்டிப்பா வேலியை தாண்டி ஹோம்ரன்னு பக்கத்துல ஒருத்தர் தலையில கைய வச்சாரு, இங்க அது ஃபீல்டர் கையில போய் உக்காந்துச்சு. அதனாலதான் இதை பிட்சரோட கிரவுண்டுங்கறாங்க. நிப்பர்ட் உயரம் 203 சென்டிமீட்டர், மவுண்டு மேல ஏறி அந்த கையிலேருந்து பந்து வந்தா மாடியிலேருந்து எறியற மாதிரிதான் பேட்ஸ்மேனுக்கு இருந்திருக்கும், தப்பி தவறி தூக்கி அடிச்சாலும் இந்த கிரவுண்டு பாத்துக்கும்.

நிப்பர்ட் அரிசோனா, டெக்சஸ்னு அமெரிக்கால ஆடிட்டு முப்பது வயசை தொடற நேரத்துல, 2011-ல இங்க வந்தாரு. வந்த வருஷமே 15 வெற்றி, பேஸ்பால்ல ஜெயிச்ச மேட்ச்சை பிட்சர் பேருலயும் எழுதுவாங்க. இங்க வெளிநாட்டு பிட்சரோட நெலமை எப்படின்னா, நிப்பர்ட் ஆடின காலத்துல ஒரு டீமுக்கு வெளிநாட்டுக்காரங்க இடமே ரெண்டு மூணுதான், ஒரு வருஷ கான்ட்ராக்ட், நாலு மேட்ச் சொதப்பினா சீசன் பாதியிலயே டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிட்டு வேற ஆளை கொண்டாந்துருவாங்க. நல்லா போட்டா அமெரிக்காவோ ஜப்பானோ காசை காட்டி கூட்டிட்டு போயிரும், எரிக் ஃபெடி 2023-ல என்சி டைனோஸ்ல ஒரே சீசன் போட்டு 20 வெற்றி, எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது), அடுத்த வருஷம் சிகாகோ போயிட்டாரு. அதை தப்புன்னு சொல்லவே மாட்டேன், அது அவங்க பொழப்பு. ஆனா அப்படிப்பட்ட இடத்துல ஒரு ஆளு எட்டு சீசன் நின்னிருக்காருன்னா பாத்துக்கோங்க, ஏழு டூசான்ல, கடைசி ஒண்ணு கேடி விஸ்ங்கற வேற டீம்ல. 2016-ல 22 வெற்றி 3 தோல்வி, எம்விபி, டீமும் சாம்பியன். 2017 முடிஞ்சதும் டூசான் விட்டுருச்சு, அவரோட நூறாவது வெற்றி கேடி ஜெர்சியிலதான் வந்துச்சு, வெளிநாட்டு பிட்சர்ல அதுவரைக்கும் யாருமே தொடாத நம்பர். மொத்தம் 102. அந்த நூறாவது இந்த ஜாம்சில்ல, பேர்ஸ் ஜெர்சியில வந்திருக்கணும்னு எனக்கு இன்னும் ஆத்தாமைதான்.

ஆறாவது இன்னிங்ஸ் இருக்கும், எனக்கு முன் வரிசையில ஒரு வயசான அம்மா, முதுகுல 40 நம்பர், நிப்பர்ட் பேரு, துவைச்சு துவைச்சு எழுத்தெல்லாம் வெடிச்சு உரிஞ்சு போயிருக்கு, தோள்பட்டையில வேற கலர் நூல்ல தச்சிருக்காங்க. எனக்கு தெரிஞ்ச அரைகுறை கொரியன்ல நிப்பர்ட் புடிக்குமான்னு கேட்டேன். அவங்க திரும்பி என்னை ஏற இறங்க பாத்துட்டு "உரி நிப்பர்ட்"னாங்க. உரின்னா நம்ம. வீடு, அம்மா, நாடு எல்லாத்துக்கும் இங்க அந்த வார்த்தையைத்தான் போடுவாங்க, ஒஹாயோல பொறந்த ஒரு அமெரிக்கனுக்கும் அதையே போட்டாங்க. கடவுள்ங்கற கொரியன் வார்த்தையோட அவரு பேரை ஒட்டி பட்டப்பேரே வச்சிருக்காங்கன்னு தெரியும், ஆனா எனக்கு அந்த உரிதான் மனசுல தச்சுது. 2024 செப்டம்பர்ல, ஆட்டத்தை விட்டு ஆறு வருஷம் கழிச்சு, அவருக்கு ரிடையர்மென்ட் விழா வச்சதும் இதே கிரவுண்டுலதான், அதுவும் எதிர் டீம் கேடி. அந்த அம்மா அன்னைக்கும் வந்திருந்தாங்களாம். அப்புறம் கோழி டப்பாவை என் பக்கம் நீட்டிட்டாங்க.

கிரவுண்டு 1982-ல கட்டினது, பழசுதான், பழசுக்கு உண்டான நெருக்கடி இருக்கும், வெயில் நேர மேட்ச்னா தொப்பி அவசியம். 2026 சீசனோட இங்க பேஸ்பால் முடியுது, இடிச்சிட்டு டோம் கட்டறாங்க, அதுவரைக்கும் பக்கத்துல ஒலிம்பிக் ஸ்டேடியத்துல ஆடுவாங்க. அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுக்கறேன். போறவங்க நேவி எடுங்க, ஆட்டம் ஆரம்பிக்க ஒரு மணி நேரம் முன்னாடியே உள்ள போயிருங்க, அப்பதான் பிட்சர் வார்ம்அப் பாக்கலாம். அடுத்த மாசத்துக்கு நான் ரெண்டு டிக்கெட்டா போட சொல்லிருக்கேன், ஊர்லேருந்து தம்பி வர்றான்.